மயிரிழை தவறினால்...

அடுப்பில் குக்கர் இருக்கிறது. விசில் வரவேண்டிய நேரம் கடந்துவிட்டது. ஆனால் மூடியின் ஓரத்தில் 'புஸ்' என்று ஆவி சீறிக்கொண்டிருக்கிறது. அம்மா அடுப்பை அணைத்து, ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை எடுத்துப் பார்க்கிறார். "கேஸ்கட் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்கிறார். மறுநாள் புது வளையம் வருகிறது. குக்கர் ஒழுங்காக விசில் அடிக்கிறது.

சில வீடுகளில் புது வளையம் போட்ட பிறகும் ஆவி கசியும். காரணம் என்ன? குக்கர் எப்போதோ கீழே விழுந்து அதன் விளிம்பு நெளிந்திருக்கும். வளையம் புதிதாக இருந்தும் அது உட்காரும் இடம் சரியில்லை. நெளிந்த விளிம்பைச் சரிசெய்யாமல் எத்தனை வளையம் மாற்றினாலும் பயன் இல்லை.

மோட்டார் எஞ்சினுக்கும் இதே நோய் வருவது உண்டு. அங்கே 'விளிம்பு' என்பது மயிரிழையைவிட நுண்ணிய கணக்கில் சமமாக இருக்கவேண்டிய ஓர் உலோக முகம். அது எப்படிக் கெடுகிறது, கெட்டதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று பார்ப்போம்.

எஞ்சினின் மூடி

எஞ்சினின் அடிப்பாகத்தை 'பிளாக்' என்பார்கள். அதில் சிலிண்டர்கள் குடையப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. சிலிண்டர்களை மேலிருந்து மூடும் கனமான பாகத்துக்கு 'சிலிண்டர் ஹெட்' என்று பெயர். பட்டறையில் சுருக்கமாக 'ஹெட்' என்பார்கள். வால்வுகளும் ஸ்பார்க் பிளக்குகளும் இதில்தான் இருக்கின்றன. பிளாக்கின் மேல்முகமும் ஹெட்டின் அடிமுகமும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய தகடு உண்டு. அதுதான் ஹெட் கேஸ்கட்.

இந்தத் தகடு ஒரே சமயத்தில் மூன்று பொருள்களைப் பிரித்து வைக்கிறது. ஒன்று, சிலிண்டருக்குள் எரியும் வாயு. இரண்டு, எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் நீர். மூன்று, உராய்வைக் குறைக்கும் எண்ணெய். மூன்றும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று மற்றொன்றில் கலந்தால் கேடுதான். வாயு நீர்ப்பாதையில் புகுந்தால் ரேடியேட்டரில் குமிழிகள் எழும். நீர் சிலிண்டருக்குள் புகுந்தால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வரும். நீர் எண்ணெயில் கலந்தால் எண்ணெய் மோர் போல வெளுத்துவிடும். அந்த எண்ணெய் ஓடினால் பேரிங்குகள் விரைவில் தேய்ந்து போகும்.

குக்கரில் நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர செ.மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம்தான் அதிகம். பெட்ரோல் எஞ்சினில், எரிதல் உச்சத்தில் இருக்கும்போது, சதுர செ.மீட்டருக்கு 40 கிலோகிராமோ அதற்கு மேலுமோ அழுத்தம் உண்டாகும். ஓர் உதாரணம் பாருங்கள். மும்பையில் 2023 வரை டாக்சியாக ஓடிய பிரீமியர் பத்மினியின் பெட்ரோல் எஞ்சின் 1089 சி.சி. கொள்ளளவு உடையது. அதில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 68 மி.மீ. சிலிண்டரின் குறுக்குப் பரப்பு 36.3 சதுர செ.மீ. இதை 40-ஆல் பெருக்குங்கள்: சுமார் 1,450 கிலோகிராம். அதாவது ஒவ்வொரு முறை எரியும்போதும் கிட்டத்தட்ட ஒன்றரை டன் விசை ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1,500 முறை இந்த உதை விழும்.

இதைத் தாங்குவது எது? எஃகு போல்ட்டுகள். நன்றாக முறுக்கப்பட்ட போல்ட் மிகச் சிறிதளவு நீண்டு, இழுத்த ஸ்பிரிங் போல ஹெட்டைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடி கேஸ்கட்டின் மேல் எல்லா இடத்திலும் சீராகப் பரவினால்தான் அடைப்பு நிற்கும். அப்படிப் பரவ வேண்டுமானால் இரண்டு முகங்களும் சமதளமாக இருக்கவேண்டும்.

முகம் ஏன் கோணுகிறது?

பத்மினியில் பிளாக் வார்ப்பிரும்பு. ஹெட் அலுமினியக் கலவை. பிற்காலத்தில் வந்த பல கார்களிலும் இதே ஜோடிதான். அலுமினியம் எடை குறைந்தது; வெப்பத்தை விரைவில் கடத்தும். ஆனால் அது வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும்.

கணக்குப் போடுவோம். நீள்விரிவுக் குணகம் அலுமினியத்துக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.000023, வார்ப்பிரும்புக்குச் சுமார் 0.000011. ஹெட்டின் நீளம் 400 மி.மீ. என்றும், வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்வதாகவும் கொள்வோம்.

அலுமினியம்: 400 × 0.000023 × 70 = 0.64 மி.மீ.
வார்ப்பிரும்பு: 400 × 0.000011 × 70 = 0.31 மி.மீ.

வித்தியாசம் ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர். ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகிக் குளிரும்போதும் இரண்டு முகங்களும் கேஸ்கட்டின்மேல் இந்த அளவு உரசி நகர்கின்றன. நல்ல கேஸ்கட் இதைப் பொறுத்துக்கொள்ளும்.

தொல்லை வருவது எஞ்சின் அளவு மீறிச் சூடாகும்போதுதான். மலைப்பாதையில் ஏறும் காரில் ரேடியேட்டர் நீர் வற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர் இல்லாத இடத்தில் ஹெட்டின் அடிமுகம் கடுமையாகச் சூடேறுகிறது. நடுப்பகுதி விரியப் பார்க்கிறது. போல்ட்டுகளும் சூடு குறைந்த சுற்றுப்பகுதியும் அதை விரியவிடாமல் நெருக்குகின்றன. சூடான அலுமினியம் வலுக் குறைந்தது. ஆகவே அது தன் மீள்தன்மை எல்லையைக் கடந்து நசுங்குகிறது. பிறகு எஞ்சின் குளிரும்போது, நசுங்கிய அடிமுகம் முன்பிருந்ததைவிடச் சற்றுக் குறுகி நிற்கிறது. ஒரு பக்கம் குறுகினால் என்ன ஆகும்? வெயிலில் காயும் அப்பளம் வளைவதைப்போல ஹெட் வளைகிறது. நடுவில் ஒரு பள்ளம். கண்ணுக்குத் தெரியாத பள்ளம்.

இன்னொரு பகைவன் அரிப்பு. அலுமினியமும் இரும்பும் ஒரே நீரில் தொட்டுக்கொண்டு இருந்தால் அவை ஒரு மின்கலம் போல இயங்குகின்றன, அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்புத் தடுப்பான் கலந்த குளிர்விப்பு நீரை ஊற்றாமல் வெறும் கிணற்று நீரையே ஊற்றி வந்தால், நீர்த்துளைகளின் ஓரத்தில் குழிகள் விழுகின்றன. மூன்றாவது, கசிந்த வாயு தானே அறுத்த பாதை. இரண்டு சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள ஒடுக்கமான பகுதியில் சுடுவாயு திரும்பத் திரும்பப் பாய்ந்து, உலோகத்தில் ஒரு வாய்க்காலையே வெட்டிவிடும்.

கண்ணை நம்பாதே

கழற்றிய ஹெட் முதலில் சுத்தமாக வேண்டும். ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டை மழுங்கிய சுரண்டியால் மெல்ல எடுப்பார்கள். பழைய கேஸ்கட்டுகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஆகவே அதை உலர்ந்த நிலையில் சுரண்டக்கூடாது, ஊதவும் கூடாது.

சுழலும் கருவியில் உப்புத்தாளை மாட்டித் தேய்த்தால் வேலை விரைவில் முடியும் என்று சிலர் நினைப்பார்கள். முகம் பளபளக்கும், ஆனால் தேய்த்த இடமெல்லாம் ஆழமில்லாத குழிகள் விழும். தாளிலிருந்து உதிரும் கடினத் துகள்கள் எண்ணெய் வழியே பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும். பளபளப்பு வேறு, சமதளம் வேறு என்பதை மறக்கக்கூடாது.

பிறகு சோதனை. நேர்விளிம்பு உடைய கனமான எஃகுச் சட்டம் ஒன்றை முகத்தின்மேல் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். சட்டத்துக்கும் முகத்துக்கும் நடுவே 'பீலர் கேஜ்' என்னும் மெல்லிய எஃகு இதழை நுழைத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் இதழிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். 0.05 மி.மீ. இதழ் நுழைகிறதா? 0.10 நுழைகிறதா? நீளவாக்கில் இரு ஓரங்கள், குறுக்கே இரு முனைகள், மூலைக்கு மூலை இரண்டு என ஆறு திசைகளில் பார்க்கவேண்டும். நீளவாக்கில் மட்டும் பார்த்தால் முறுக்கிய முகம் ஏமாற்றிவிடும்.

நான்கு சிலிண்டர் ஹெட் பலவற்றுக்கு நீளவாக்கில் 0.10 மி.மீட்டரும் குறுக்கே 0.05 மி.மீட்டரும் எல்லை. சரியான எல்லை எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். அதன் கையேடு சொல்வதே முடிவு. நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 0.07 மி.மீ. 'மயிரிழை தவறினால்' என்பது இங்கே வெறும் பேச்சல்ல, அளவு!

பிளாக்கின் மேல்முகத்தையும் இதேபோல் சோதிக்கவேண்டும். ஹெட்டைச் சரிசெய்துவிட்டுப் பிளாக்கை மறந்தால் உழைப்பெல்லாம் வீண்.

வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். வார்ப்பிரும்பானால் அதைக் காந்தமாக்கி இரும்புத் தூள் தூவலாம். வெடிப்பு உள்ள இடத்தில் தூள் கோடாகக் கூடும். அலுமினியம் காந்தத்துக்குக் கட்டுப்படாது. அதன்மேல் ஊடுருவும் சாயம் தடவித் துடைத்தால், வெடிப்புக்குள் புகுந்த சாயம் மீண்டும் கசிந்து காட்டிக்கொடுக்கும். நீர்ப்பாதைகளை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, வெந்நீரில் அமிழ்த்துவதும் உண்டு. சைக்கிள் கடைக்காரர் டியூபை நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் குமிழி பார்க்கிறாரே, அதே முறைதான்.

முதல் சமதளம் எங்கிருந்து வந்தது?

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி எழவேண்டும். ஹெட் சமமா என்று எஃகுச் சட்டத்தை வைத்துப் பார்த்தோம். அந்தச் சட்டம் நேரானது என்று யார் சொன்னது? அதைவிட நல்ல சட்டம் சொன்னது என்றால், அந்த நல்ல சட்டத்துக்கு யார் சாட்சி? இப்படியே பின்னோக்கிப் போனால், எதனோடும் ஒப்பிடாமல் உண்டான ஒரு முதல் சமதளம் இருந்தாக வேண்டும் அல்லவா?

அதை உண்டாக்கும் முறையை உலகறியச் செய்தவர் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1840-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் கழகக் கூட்டத்தில் உலோகச் சமதளங்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். முறை எளியது: தட்டுகள் இரண்டு போதாது, மூன்று வேண்டும்.

இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்தால் என்ன? ஒன்று மேடாகவும் மற்றது பள்ளமாகவும் இருந்தும் அவை கச்சிதமாகப் பொருந்திவிடக்கூடும். மூன்று தட்டுகளை எடுங்கள். அவற்றின் நடுமேட்டின் உயரங்கள் அ, ஆ, இ என்க. பள்ளம் என்றால் குறை எண். முதல் இரண்டும் பொருந்தினால் அ + ஆ = 0. அடுத்த இரண்டும் பொருந்தினால் ஆ + இ = 0. முதலாவதும் மூன்றாவதும் பொருந்தினால் அ + இ = 0. இம்மூன்று சமன்பாடுகளையும் தீர்த்துப் பாருங்கள். அ = ஆ = இ = 0 என்பதைத் தவிர வேறு விடை கிடையாது! (மூலைவாட்டில் உள்ள முறுக்கையும் நீக்க, தட்டுகளைக் கால் சுற்றுத் திருப்பியும் ஒப்பிடவேண்டும்.) வகுப்பில் படிக்கும் ஒருங்கமை சமன்பாடு ஒரு பட்டறையின் அடித்தளமாக இருப்பதைப் பார்த்தீர்களா?

மேடுகளை எப்படி அடையாளம் காண்பது? ஒரு தட்டில் நீலச் சாயத்தை மெல்லிதாகத் தடவி மற்றதன்மேல் வைத்து மெல்ல நகர்த்தினால், மேடுகளில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த இடங்களை மட்டும் கைச்சுரண்டியால் மெல்லச் சுரண்ட வேண்டும். மீண்டும் நீலம், மீண்டும் சுரண்டல். இதை இன்றும் பிட்டர்கள் 'புளூ மேட்சிங்' என்பார்கள். பட்டறையிலுள்ள ஒவ்வொரு நேர்ச்சட்டமும் இத்தகைய ஒரு தட்டின் வழி வந்த வாரிசு எனலாம்.

பழுதைச் சரிசெய்யும் வழிகள்

வளைவு எல்லைக்குள் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். எல்லை தாண்டினால், வார்க்ஷாப்பில் ஹெட்டை மில்லிங் அல்லது கிரைண்டிங் இயந்திரத்தில் பிணைத்து, முகம் முழுதும் ஒரே தளம் ஆகும்வரை மெல்லிய படலம் படலமாகச் சீவுகிறார்கள். மொபெட் போன்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் சிறிய ஹெட்டுக்கு இயந்திரம்கூட வேண்டியதில்லை. தடித்த கண்ணாடிமேல் உப்புத்தாளைப் பரப்பி, எண்ணெய் விட்டு, ஹெட்டை 8 என்ற எண்ணின் வடிவில் சீராகத் தேய்த்துச் சமன்செய்யலாம். தாள் அசையாமல் தட்டையாகக் கிடக்க, ஹெட் அதன்மேல் நகர்கிறது. சுழலும் கருவிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

சீவிய முகம் எவ்வளவு வழவழப்பாக இருக்கவேண்டும்? அது கேஸ்கட்டைப் பொறுத்தது. நாரும் உலோகமும் சேர்ந்த மென்மையான கேஸ்கட்டுக்குச் சுமார் 1.5 மைக்ரான் சொரசொரப்பு போதும். பல எஃகு அடுக்குகளால் ஆன இக்காலக் கேஸ்கட்டுக்கு அதில் பாதிதான் இருக்கலாம்.

ஆழமான அரிப்புக் குழிகளை முழுதும் சீவி எடுக்கப் பார்த்தால் ஹெட்டே மெலிந்துபோகும். அத்தகைய குழியைத் தூய உலோகம் தெரியும்வரை குடைந்து, 'ஆர்கான் வெல்டிங்' முறையில் அலுமினியத்தால் நிரப்பி, பிறகு சீவுவார்கள். இந்த வெல்டிங் எளிதன்று. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் படிந்த ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆகவே படலத்தை மின்வில் உடைக்க, ஆர்கான் வாயு புதுப் படலம் உண்டாகாதபடி காற்றை விலக்கி நிற்கிறது.

ஓவர்ஹெட் கேம் எஞ்சின்களில் ஹெட்டின் மேற்புறத்தில் கேம்ஷாப்ட் ஓடுகிறது. ஹெட் வளைந்தால் கேம்ஷாப்ட் ஓடும் துளைகளும் ஒரே கோட்டில் இரா. அடிமுகத்தை மட்டும் சீவினால் மேல்வளைவு அப்படியே நிற்கும், கேம்ஷாப்ட் இறுகிவிடும். இத்தகைய ஹெட்டைத் தடித்த எஃகுத் தட்டில் போல்ட் போட்டு எதிர்வளைவு கொடுத்து, அடுப்பில் பல மணி நேரம் சூடாக்கி, மெல்லக் குளிரவிட்டு முதலில் நிமிர்த்துகிறார்கள், பிறகுதான் சீவுகிறார்கள். அளவு மீறிச் சூடான அலுமினியம் தன் கடினத்தன்மையையே இழந்திருக்கும். அதையும் சோதித்து, மிக மென்மையாகிவிட்ட ஹெட்டை ஒதுக்கிவிடுவதே நல்லது.

எவ்வளவு சீவலாம்?

சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்டமுடியாது. ஆகவே இந்தக் கேள்விக்குக் கணக்குப் பார்த்தே விடை சொல்லவேண்டும்.

பத்மினி எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 272 கன செ.மீ. அமுக்க விகிதம் 8 என்று கொள்வோம். அப்படியானால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் மேலுள்ள இடம் சுமார் 39 கன செ.மீ. ஏனெனில் (272 + 39) ÷ 39 = 8 (தோராயமாக). எரிஅறையின் வாய் சிலிண்டர் அளவுக்கு அகன்றது என்று கொண்டு 0.25 மி.மீ. சீவினால் 36.3 × 0.025 = 0.9 கன செ.மீ. குறையும்; விகிதம் 8.1 ஆகும். இதனால் பெரிய கேடு இல்லை. 1 மி.மீ. சீவினால் 3.6 கன செ.மீ. குறையும்; விகிதம் 8.7 ஆகிவிடும். அதிகமாக அமுக்கப்பட்ட பெட்ரோல் கலவை அதிகம் சூடேறி, ஒழுங்கின்றி எரிந்து, எஞ்சினில் 'டக் டக்' என்று தட்டும் ஒலி எழும். வால்வுகளும் பிஸ்டனை நெருங்கும். ஓவர்ஹெட் கேம் எஞ்சினில் வால்வு திறக்கும் நேரமும் சற்றுப் பிசகும்.

டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஆகவே சில டீசல் ஹெட்டுகளைச் சீவவே கூடாது என்று கையேடுகள் விதிக்கின்றன. வளைந்தால் மாற்றவேண்டியதுதான்.

நல்ல மெக்கானிக் முதலில் அளப்பார், பிறகு தேவையான அளவே சீவுவார், சீவியபின் மீண்டும் அளப்பார். "எதற்கும் ஒரு மில்லிமீட்டர் சீவிவிடலாம்" என்பவரிடம் ஹெட்டைக் கொடுக்கக்கூடாது.

திரும்பப் பூட்டும்போது

சமதளமாக்கிய முகத்தைப் பூட்டும்போதே கெடுத்துவிடவும் முடியும். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை ஒட்டும்போது நீங்கள் எப்படி அழுத்துகிறீர்கள்? நடுவிலிருந்து ஓரத்துக்குத் தானே? ஓரங்களை முதலில் ஒட்டினால் நடுவில் காற்று சிக்கிக் கொப்புளிக்கும். ஹெட் போல்ட்டுகளையும் நடுவில் தொடங்கி வெளிப்புறமாக, கையேட்டில் கண்ட வரிசையில், இரண்டு மூன்று தவணைகளில், முறுக்கு அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்கவேண்டும்.

பிளாக்கின் போல்ட் துளைகளில் நீரோ எண்ணெயோ தேங்கியிருக்கக்கூடாது. திரவம் அமுங்காது. போல்ட் இறங்கும்போது தப்ப வழியில்லாத திரவம் பிளாக்கையே வெடிக்கச் செய்துவிடும். பிராமாவின் நீரழுத்த இயந்திரத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

செய்து பாருங்கள்

உடைந்த செங்கல் துண்டுகள் மூன்றை எடுத்து 1, 2, 3 என்று எண் இடுங்கள். நீர் தெளித்து 1-ஐயும் 2-ஐயும் தேயுங்கள். பிறகு 2-ஐயும் 3-ஐயும். பிறகு 1-ஐயும் 3-ஐயும். ஒவ்வொரு முறையும் கால் சுற்றுத் திருப்பிக்கொள்ளுங்கள். இந்தச் சுழற்சியைப் பலமுறை செய்தபின், ஒவ்வொரு முகத்தின்மேலும் அளவுகோலின் விளிம்பை நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வேறு இரண்டு துண்டுகளை மட்டும் அதே நேரம் தேய்த்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிந்திக்க

1. மொபெட் ஒன்றின் சிலிண்டர் விட்டம் 40 மி.மீ. உச்ச அழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 40 கிலோகிராம் ஆனால் ஹெட்டைத் தூக்கும் விசை என்ன?

2. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் இரண்டுமே வார்ப்பிரும்பு. அதில் எந்தத் தொல்லை குறைவாக இருக்கும்? எந்த நன்மையை இழக்கிறோம்?

3. ரேடியேட்டர் வற்றிக் கொதித்துப்போன எஞ்சினில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றக்கூடாது என்கிறார்களே, ஏன்?

(விடைகள்: 1. சுமார் 503 கிலோகிராம். 2. இரண்டும் ஒரே அளவு விரிவதால் கேஸ்கட்டின்மேல் உரசல் குறைவு. ஆனால் எடை கூடும், வெப்பம் கடத்துவது குறையும். 3. நீர் பட்ட பகுதி மட்டும் சட்டென்று சுருங்க, மற்றப் பகுதி விரிந்தே நிற்கும். ஹெட் வெடிக்கும் அல்லது கோணும். தானாகக் குளிரும்வரை காத்திருப்பதே ஹெட்டைக் காக்கும்.)